மூடிக்கொள்ளும் மெனு

டீ வந்துவிட்டது. அதுதான் முதல் தொந்தரவு. ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் படியேறி வரவில்லை, புரொஜெக்டர் சுவரில் வெறும் நீலத்தைத் தவிர எதையும் காட்ட மாட்டேன் என்கிறது, நஸ்ரீன் மேஜைக்கடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறாள், அதற்குள் டீ மட்டும் அவசர அவசரமாக வந்து ஆளுக்கொரு டம்ளராக மேஜையில் உட்கார்ந்துவிட்டது. அதுவும் விளிம்பு வரை. கொஞ்சம் குறைத்து ஊற்றினால் குடியா முழுகிப்போகும்? குழந்தைவேல் வலது கையைத் தொடைக்கும் நாற்காலியின் கைப்பிடிக்கும் நடுவில் இறுக்கிச் செருகிக்கொண்டு அந்த டம்ளரையே பார்த்தான். அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் முதலில் மேலே படிந்த ஆடை ஆடும், அப்புறம் விளிம்பில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும், அப்புறம் மேஜை, அப்புறம் சட்டை, அப்புறம் எல்லார் கண்ணும். இடது கையால் எடுக்கலாம். இடது கையால் டீ குடிக்கிறவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள், பார்த்தால் யோசிப்பார்கள், அவனைப் பற்றி யாரும் எதையும் யோசிக்கவே கூடாது. அல்சர் என்று சொல்லி ஆபீசில் டீயை நிறுத்தி மாதக்கணக்காகிறது. நல்ல பொய்தான். என்ன, சொன்ன நாளிலிருந்து வயிறும் நிஜமாகவே எரிய ஆரம்பித்திருக்கிறது. நாற்பதைத் தாண்டிய ஆள், பீளமேட்டில் இரண்டாவது மாடியில் வெப்சைட் செய்துகொடுக்கும் இந்தக் கம்பெனியில் பழம் தின்று கொட்டை போட்டவன், இன்றைக்கு அவனுக்கு வேலை ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியின் புது வெப்சைட்டுக்கு இரண்டு மெனுக்களில் எது என்று சொல்ல வேண்டும். ஒரு மெனுவைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு மனுஷன் இப்படிப் பயப்படுவானா என்று கேட்டால், பயப்படுவான். உள்ளங்கால் வரை வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

முதல் மெனு கூட வேலை பார்க்கிற நஸ்ரீன் செய்தது. அழகென்றால் அப்படியொரு அழகு. மேலே ஒரு வரிசையில் தலைப்புகள், மௌஸின் அம்பு ஒரு தலைப்பைத் தொட்டாலே போதும், அழுத்தக்கூட வேண்டாம், பட்டென்று கீழே விரியும், அதிலிருந்து பக்கவாட்டில் இன்னொன்று விரியும், இதயம் என்றால் இதயத்தின் படம், கண் என்றால் கண்ணின் படம். ஆனால் விரிந்ததற்குள் போய்ச் சேர அம்பை வரப்பில் நடக்கிற மாதிரி நேராகக் கொண்டுபோக வேண்டும். ஒரு நூல் விலகினாலும் எல்லாம் மூடிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது மெனு குழந்தைவேல் செய்தது. பார்த்தால் ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கும். தலைப்பை அழுத்தினால் திறக்கும், நாமாக மூடுகிற வரைக்கும் திறந்தே கிடக்கும், மௌஸே இல்லாவிட்டாலும் கீபோர்டில் டேப் விசையைத் தட்டித் தட்டிப் போகலாம், இப்போது எதன்மேல் நிற்கிறோம் என்று ஒரு நீலக் கோடு சுற்றி நின்று காட்டிக்கொடுக்கும். அந்த நீலக் கோட்டை நஸ்ரீன் தன்னுடையதில் எடுத்துவிட்டாள். அசிங்கமா இருக்குதுங்கண்ணா, டிசைனைக் கெடுக்குது என்றாள். கோடு இல்லாவிட்டால் டேப் தட்டுகிறவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாதே என்று அவன் சொன்னான். போன வாரம் இதே மேஜையில்தான். அப்புறம் அதோடு விட்டானா, வாய் சும்மா இருந்ததா, கை நடுங்குகிறவர்களுக்கு உன் மெனு கைக்கே வராதும்மா என்றான். நஸ்ரீன் கெட்ட எண்ணமில்லாமல், சும்மா தெரிந்துகொள்ளத்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "யாருக்குங்கண்ணா கை அப்படி நடுங்கும்? அப்படி எத்தன பேரு இருப்பாங்க?" அவனுக்கு உயிரே போய்விட்டது. கை அப்போது பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. பாக்கெட்டுக்குள் சாவிக்கொத்து கிலுகிலுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அவள் காதில் விழுந்திருக்குமா, விழுந்திருக்காது, ஏசி ஓடியது, ஆனால் அவள் ஒரு கணம் கீழே பார்த்த மாதிரி இருந்ததே. அதற்கப்புறம் சாவியைப் பையில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டான். வயசானவங்க இருப்பாங்கம்மா என்று ஏதோ சொல்லி முடித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கையை விரித்துப் பார்த்தான். அங்கே போய்ப் பார்த்தால் நல்ல பிள்ளையாக அசையாமல் நின்றது. கையே இப்படி ஆளைக் கேலி செய்தால் மனுஷன் என்னதான் செய்வான்.

அதுதான் அவனுக்கு விளங்காதது. சில நேரம் வரும், சில நேரம் வராது. யாரும் இல்லாதபோது தூங்குகிறது, யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எழுந்துகொள்கிறது. முதன்முதலில் சட்டைப் பொத்தானில்தான் கண்டுபிடித்தான். மேல் பொத்தான், கழுத்துக்குக் கீழே உள்ளது, காஜாவைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே போக மாட்டேன் என்றது. காஜாவைச் சின்னதாக அடித்துவிட்டான் டெய்லர் என்று அவனைத் திட்டினான். அப்புறம் ஷேவிங், அப்புறம் பூட்டு, அப்புறம் பெண்டாட்டி செல்வநாயகி நீட்டிய சாம்பார்க் கிண்ணம். "ஏனுங்க, ராத்திரி தூங்கறதில்லீங்களா? கை இப்படி ஆடுது?" என்று கேட்டாள் அவள். ஆமா, வேலை ஜாஸ்தி என்றான். அவள் அதோடு விட்டுவிட்டாள், அல்லது விட்ட மாதிரி இருந்தாள், மறுநாளிலிருந்து கிண்ணம் அவன் கைக்கு வருவதில்லை, தட்டுக்குப் பக்கத்தில் அதுவாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. தெரியுமா அவளுக்கு. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளே. சொல்லாமல் இருக்கிறாள் என்றால் அவளும் பயப்படுகிறாளா. அவள் ரங்கசாமி சித்தப்பாவைப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். சித்தப்பாவுக்கும் பொத்தானில்தான் ஆரம்பித்ததா என்று யாரைக் கேட்பது. அவருக்கு வலது கைதான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத மாத்திரை மாதிரி. ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வாயருகே வருவதற்குள் வேட்டிக்குப் போய்விட்டது. எதிர்ப் பந்தியிலிருந்த பெரியப்பா மகன் பழனிவேல் அதை அப்படியே செய்து காட்டினான், டம்ளரை எடுத்து, ஆட்டி, மூக்கில் ஊற்றி. பந்தியே சிரித்தது. பந்தி என்ன பந்தி, சித்தப்பாவே சிரித்தார். "இன்னுங் கொஞ்சம் வெரசா ஆட்டோணுண்டா, எங்கே ஆட்டு பாக்கலாம்" என்று அவனுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்யாணத்திலும் அது ஒரு நிகழ்ச்சி. சித்தப்பா வந்தால் பழனிவேல் ஆட்ட வேண்டும், சித்தப்பா சிரிக்க வேண்டும். கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. சட்டை போட முடியாமல் வரவில்லை என்று பின்னால் சித்தி சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று எத்தனை யோசித்தாலும் குழந்தைவேலுக்கு ஞாபகம் வரவில்லை. சிரித்ததுதான் ஞாபகம் வருகிறது.

போகலாம். போய் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் சிக்கல். இப்போதைக்கு அதற்குப் பேர் இல்லை. பேர் இல்லாத வரைக்கும் அது தூக்கமின்மையாக இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம், நாளெல்லாம் மௌஸைப் பிடித்த வினையாக இருக்கலாம். டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த வார்த்தை வீட்டுக்குக் கூடவே வரும், சாப்பிட உட்காரும், முதலாளி மோகனசுந்தரத்தின் காதுக்கு ஒரு நாள் போகும், அப்புறம் வேலு, உனக்கு எதுக்குப்பா கஷ்டம், நீ ரெஸ்ட் எடு என்பார் அந்த நல்ல மனுஷன், அந்த ரெஸ்ட் எப்படிப்பட்ட ரெஸ்ட் என்று அவனுக்குத் தெரியாதா. கையால் பிழைக்கிறவன். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செல்வநாயகி டிவிக்கு முன்னால் கண்ணயர்ந்த நேரத்தில், லேப்டாப்பைத் திறந்து இதே ஆஸ்பத்திரியின் இப்போதைய வெப்சைட்டுக்குப் போனான். வேலைக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நரம்பியல் பிரிவில் யார் இருக்கிறார்கள், எப்போது பார்க்கலாம், அவ்வளவுதான். அதிலும் அதே விரியும் மெனு. சிகிச்சைப் பிரிவுகள் என்பதைத் தொட்டான், விரிந்தது, பக்கவாட்டில் நீண்ட வரிசை, அதில் நரம்பியல் கீழே எங்கேயோ. கை வழுக்கியது. மூடிக்கொண்டது. மறுபடி. மூடிக்கொண்டது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு போனான், கிட்டத்தில் போய்விட்டான், அழுத்தும் நேரத்தில் ஒரு துள்ளல், மகப்பேறு திறந்துகொண்டது. திரை முழுக்க ஒரு குழந்தை பொக்கை வாயைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரித்தது. அவனும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரி, மெனுவே விடவில்லை, நாம் என்ன செய்வது என்று லேப்டாப்பை மூடினான். போன் செய்திருக்கலாம், நேராகவே போயிருக்கலாம், பஸ் ஏறினால் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அதெல்லாம் அவனுக்கும் தெரியும். மெனு மூடிக்கொண்டதில் ஒரு நிம்மதி இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது இன்னும் பயமாக இருக்கிறது.

அப்படியானால் இரண்டாவது மெனுவைச் செய்தது யார். குழந்தைவேல் செய்தானா, அவன் கை செய்ததா. இது ஒரு வாரமாக அவனைப் போட்டு அரிக்கிறது. கை நன்றாக இருந்த காலத்தில் இவனே எத்தனை விரியும் மெனுக்களைச் செய்து கொடுத்திருக்கிறான், ஒரு நாளாவது யாருக்காவது கை வழுக்குமே என்று யோசித்தானா. இப்போது திடீரென்று நோயாளிகள்மேல் பாசம் பொங்குகிறது என்றால் யார் நம்புவார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தனக்கு வேண்டியதைச் செய்து வைத்திருக்கிறானோ. அதில் என்ன தப்பு. தப்பில்லை, ஆனால் தெரிந்துபோகும். ஏன் வேலு இதில் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், ஒரு நூலைப் பிடித்து இழுத்த மாதிரி எல்லாம் வந்துவிடும். அதனால்தான் காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டான். முதல் மெனுவே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்குது, இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி இருக்குது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நஸ்ரீனுக்கு சந்தோஷம், மோகனசுந்தரத்துக்கு சந்தோஷம். யாரும் அவன் கையைப் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கேயோ ஒருத்தர் மகப்பேறுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதானே. இருக்கட்டும். அவரவர் கையை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படி நினைத்ததும் நெஞ்சில் ஏதோ அடைத்தது, அதை அல்சர் கணக்கில் எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

படியில் செருப்புச் சத்தம். மோகனசுந்தரத்தின் சிரிப்பு ஆளுக்கு முன்னால் வந்தது. கம்பெனி அவருடையது, ஆள் தாட்டியமாக இருப்பார், வாடிக்கையாளரை நாற்காலியில் உட்காரவைப்பதையே ஒரு கல்யாண வரவேற்பு மாதிரிச் செய்வார். அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பரிண்டெண்ட் எஸ்தர், வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் குடை. சேர்மன் அவினாசி ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டார், நாம ஆரம்பிக்கலாம், வந்து சேர்ந்துக்குவார் என்று மோகனசுந்தரம் சொன்னார். எஸ்தர் குழந்தைவேலுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். அத்தனை நாற்காலி இருக்கும்போது எதற்கு எதிரில். நர்ஸ். முப்பது வருஷமாகக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கும் கண். ஊசி போட நரம்பு தேடிய கண். அவன் கையை இன்னும் ஆழமாகச் செருகினான், கைப்பிடியின் பிளாஸ்டிக் டகடகவென்று அடித்துக்கொண்டது, முழங்காலால் அதை முட்டுக்கொடுத்து நிறுத்தினான். "டீ எடுத்துக்கலியா தம்பி, ஆறுதே" என்றார் எஸ்தர். அல்சர் மேடம் என்று சொன்னான். "அல்சர்னா காரத்தத்தான் விடணும், ஒரு டீ குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். நர்சிடம் போய் அல்சர் என்று சொல்லியிருக்கிறோமே, இதைவிட மடத்தனம் உண்டா. சிரித்து வைத்தான். அவர் டம்ளரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அப்புறம் நல்ல காலம், சுவரில் படம் வந்துவிட்டது.

நஸ்ரீன் முதல் மெனுவை ஓட்டிக் காட்டினாள். அவள் கை மௌஸில் மீன் மாதிரிப் போனது. விரிந்தது, விரிந்ததிலிருந்து விரிந்தது, இதயம் துடித்தது, கண் சிமிட்டியது. மோகனசுந்தரம் சுவரைப் பார்க்காமல் எஸ்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார் எஸ்தர், அதே மூச்சில், "எங்க ஓபிக்கு வர்ற பெரியவங்களுக்கு இது வருமா?" என்றும் கேட்டார். குழந்தைவேல் மனசுக்குள் கும்பிட்டான். வேண்டாம், கேட்காதீர்கள், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். மோகனசுந்தரம் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர் மாதிரி மேஜையைத் தட்டினார். "அதுக்குத்தானுங்க மேடம் நாங்க ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். வேஷம் கட்டிப் பாத்துருவோம்." பெங்களூரில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்குப் பிடித்த விஷயம் அது. வெப்சைட்டை யார் பயன்படுத்துவார்களோ அவர்களாக மாறிப் பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடியில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு புரை விழுந்தவராக ஒருவர், கண்ணைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுவதை வைத்தே போகிற பார்வையற்றவராக ஒருவர், தடித்த கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு விரல் மடங்காத கிழவராக ஒருவர். வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே செய்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், காரியமும் நடக்கும். "நஸ்ரீன், கையுறை எங்கே கண்ணு?" நஸ்ரீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "துவைக்க எடுத்துட்டுப் போனேனுங்க சார், வீட்ல மறந்துட்டேன்." மோகனசுந்தரம் அதற்கெல்லாம் அசருகிற ஆளா. "அது கெடக்குது. வேலு, நீ சும்மாவே பண்ணிப் போடு. வயசானவரு மாதிரி. நீதான் ரெண்டாவது மெனுவுக்கு வக்கீலு. வா, இப்படி வந்து உக்காரு."

போக மாட்டேன் என்று சொல்ல முடியுமா. சொல்ல ஒரு காரணம் வேண்டும். முதல் மெனுவே நல்லா இருக்குதுங்க சார் என்று ஆரம்பித்தான். புரொஜெக்டர் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நஸ்ரீன் எழுந்து இடம் விட்டாள். அவன் எழுந்தபோது நாற்காலி கிறீச்சென்றது, மேஜையைச் சுற்றிப் போகிற அந்த நாலடி தூரம் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனான், சாவி இல்லாத பாக்கெட், அதற்காவது நன்றி. அவள் உட்கார்ந்த நாற்காலி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மௌஸ் கறுப்பாக, சின்னதாக, ஒன்றும் தெரியாத பிராணி மாதிரி அங்கே கிடந்தது. எடுக்காதே. எடுத்துத்தான் ஆக வேண்டும். வேகமாக முடித்துவிட வேண்டும், ஒரே இழுப்பு, சிகிச்சைப் பிரிவுகள், பக்கவாட்டில், கீழே, ஏதாவது ஒன்றின்மேல் அழுத்திவிட்டு வருதுங்க சார், நல்லா வருது என்று எழுந்துவிட வேண்டும். கையை வெளியே எடுத்தான். மௌஸின்மேல் வைத்தான். ஒரு கணம் அது சும்மா இருந்தது. இருந்துவிடும் போலிருக்கிறது, சாமி, இருந்துவிடு. அப்போதுதான் எல்லார் பார்வையும் தன்மேல் இல்லை, சுவரின்மேல் இருக்கிறது என்று பார்த்தான், சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை அம்பு, அந்த அம்பு ஆட ஆரம்பித்தது. இத்தனை மாதமாகப் பாக்கெட்டிலும் தொடையிலும் ஒளித்து வைத்தது சுவர் அளவுக்குப் பெரிதாகி ஆடிக்கொண்டிருந்தது. தலைப்பைத் தொட்டான், விரிந்தது, மூடிக்கொண்டது. விரிந்தது, மூடிக்கொண்டது. இதயம் வந்து போனது, கண் வந்து போனது. கையை அழுத்தினால் ஆட்டம் முழங்கைக்குப் போனது, முழங்கையை மேஜையில் ஊன்றினால் டீ டம்ளர்கள் மெல்லச் சிணுங்கின. எங்கே போகிறோம் என்று யோசிக்கவே இல்லை, கை பழக்கத்தில் கீழே இறங்கிப் போனது, அந்த வரிசையில் அவனுக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு, நரம்பியலுக்கு, கிட்டத்தில் வந்து துள்ளியது. மகப்பேறு. பழைய வெப்சைட்டிலிருந்து நஸ்ரீன் எடுத்துப் போட்டிருந்த அதே குழந்தை, சுவர் முழுக்கப் பொக்கை வாய்ச் சிரிப்பு.

சிரிப்பு வெடித்தது. அவனுக்கு முதலில் அது எதுவென்றே புரியவில்லை, ஏதோ விழுந்து உடைந்த மாதிரிக் கேட்டது. மோகனசுந்தரம் கைதட்டிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா மேடம், தாத்தா போன எடத்தப் பாத்தீங்களா! எங்க வேலு வேஷம் கட்டுனா வேஷம்தானுங்க." நஸ்ரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அடங்கியதும் அவளே சொன்னாள். "கரெக்ட்டுங்கண்ணா. இது வேலைக்காகாது. நான் இப்படி யோசிக்கவேயில்ல. ரெண்டாவதே போட்டுரலாம்." அவ்வளவுதான். முடிந்துவிட்டது. ஒரு வாரமாக அவனைத் தின்ற விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்து, மோகனசுந்தரம் குறித்துக்கொண்டுவிட்டார், இரண்டாவது மெனு. யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை. கண்ணெதிரே, சுவர் அளவுக்கு ஆடியும், ஒருத்தரும் நம்பவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், அது இன்னும் அடங்கவில்லை, அடங்காவிட்டால் என்ன, இனி எங்கே ஆடினாலும் வேலு வேஷம் கட்டுறாரு என்று சிரிப்பார்கள். தப்பித்தாச்சு. இந்தப் பொய்க்கு அல்சர் மாதிரிக் கஷ்டப்படவே வேண்டாம், அவர்களே செய்து கொடுத்துவிட்டார்கள். டீயைக்கூட எடுக்கலாம். கொட்டினால் கைதட்டுவார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு வாயில் வந்து நின்றபோதுதான் அது எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்தது. பந்தி. இன்னுங் கொஞ்சம் வெரசா ஆட்டோணுண்டா. இத்தனை பயத்திலும் இந்தப் பயம் அவனுக்கு வந்ததே இல்லை. சித்தப்பா ஏன் சிரித்தார் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. அவருக்கும் இப்படித்தான் இடம் கிடைத்திருக்கிறது, வேடிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார், உட்கார்ந்தவரை யாரும் எழுப்பவில்லை, எழுப்ப அவரும் விடவில்லை, கடைசியில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் ஒரு வீட்டுக்குள் தனியாக. எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் குழந்தைவேல் அப்போதுதான் கவனித்தான். அவர் சுவரைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்புக்குக் கீழே, அவன் மடி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவும் இல்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று ஒரு கணம் அவனுக்கு இருந்தது, கேட்டுவிடக் கூடாதே என்றும் அதே கணத்தில் இருந்தது.

கதவு திறந்தது. சேர்மன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார், எல்லாரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். அவருக்கும் விளிம்பு வரை ஒரு டீ வந்தது. "முடிச்சுட்டீங்களாட்டம் இருக்குது?" என்றார். "முடிவாயிருச்சுங்க, ஆனா நீங்க அதப் பாக்கோணுமுங்க" என்று மோகனசுந்தரம் பாதி எழுந்து நின்றார், முகமெல்லாம் சந்தோஷம். "வேலு, அய்யாவுக்கு ஒருக்கா பண்ணிக் காட்டிப் போடு. அதே மாதிரி, அந்த நடுக்கத்தோட." நஸ்ரீன் மறுபடி முதல் மெனுவைச் சுவரில் கொண்டுவந்துவிட்டாள். சேர்மன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிரிக்கத் தயாரானார். குழந்தைவேல் மௌஸைப் பார்த்தான். மாட்டேன் என்று சொல்லத் தேவையில்லை, செய்துவிடலாம், ரொம்பச் சுலபம், கையை வைத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும், எல்லாரும் சிரிப்பார்கள், அடுத்த வாடிக்கையாளருக்கும் காட்டச் சொல்வார்கள், அதற்கடுத்தவருக்கும். வலது கையைத் தூக்கினான். மௌஸுக்குக் கொண்டுபோகவில்லை. மேஜைக்கு நடுவில், டீ டம்ளர்களுக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தான். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, நடிக்கவும் ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மோகனசுந்தரம், "மௌஸப் பிடி வேலு" என்றார், இன்னும் சிரித்துக்கொண்டுதான்.

"நான் ஆட்டலீங்க சார்" என்றான் குழந்தைவேல். "அதுவா ஆடுது. மொதல்லயும் அதுவாத்தான் ஆடுச்சு."

மோகனசுந்தரத்தின் முகத்தில் சிரிப்பு எங்கே இறங்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. சேர்மன் டம்ளரைக் கீழே வைத்தார். சொல்லிவிட்டோம், இனிமேல் உள்ளே எடுத்துக்கொள்ள முடியாது, செல்வநாயகிக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும், பேர் வைக்கப் போகிறார்கள், என்ன பேரோ. "எவ்வளவு நாளா தம்பி?" என்று எஸ்தர் கேட்டார், ஓபியில் யாரையும் கேட்கிற அதே குரலில். அதற்கு அவன் பதில் சொல்லுமுன் நஸ்ரீன் லேப்டாப்பில் எதையோ தட்டினாள், சுவரில் அவளுடைய மெனு போய் அவனுடையது வந்தது, கீபோர்டை அவன் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டாள். அவன் இடது கையால் டேப் விசையைத் தட்டினான். நீலக் கோடு முதல் தலைப்பைச் சுற்றி நின்றது. தட்டினான், அடுத்ததற்குப் போனது. சிகிச்சைப் பிரிவுகள். அழுத்தினான், திறந்தது. ஒவ்வொன்றாக இறங்கி, மகப்பேறைத் தாண்டி, நரம்பியலில் வந்து நின்றது கோடு. அழுத்த வேண்டியதுதான் பாக்கி. குழந்தைவேலுக்கு அதற்குமேல் விரல் வரவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அப்படியே உட்கார்ந்திருந்தான். மேஜையில் வலது கை ஆடிக்கொண்டிருந்தது. சுவரில் மெனு மூடிக்கொள்ளாமல் அவனுக்காகக் காத்திருந்தது.